மாஸ்டரிடம் கேளுங்கள்: 'இறந்தவர்களின் தீவை' வரைந்து பழகுவது

சென்ற இதழில், பத்துப் படத்தைப் பாதி பாதியாகக் கிறுக்குவதை விட நல்ல படம் ஒன்றை எடுத்து முழுசாகப் பார்த்து வரையுங்கள் என்று எழுதியிருந்தேன். உதாரணமாக சுவிஸ் ஓவியர் ஆர்னால்ட் பொக்லினின் 'இறந்தவர்களின் தீவை'ச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அந்தத் தீவிலேயே இருப்போம்.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு: அசையாத கடல். நடுவில் சின்னப் பாறைத் தீவு, பாறையில் குடைந்த கல்லறைகள், மத்தியில் நெடுநெடுவென்று சைப்ரஸ் மரங்கள். தீவை நோக்கி ஒரு படகு போகிறது. அதில் துடுப்பு போடுகிற ஆள், வெள்ளைத் துணி போர்த்தி நிற்கிற ஓர் உருவம், அதற்கு முன்னால் ஒரு சவப்பெட்டி. அவ்வளவுதான்.

மாஸ்டர், இணையத்தில் தேடினால் இந்தப் படம் விதவிதமாக வருகிறது. ஒன்றில் வானம் இருட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொன்றில் வெளுத்திருக்கிறது. எது ஒரிஜினல்? எதைப் பார்த்து வரைவது?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நாமக்கல்

எல்லாமே ஒரிஜினல்தான் சார். 1880க்கும் 1886க்கும் நடுவில் பொக்லின் இந்தப் படத்தை ஐந்து தடவை வரைந்தார். முதல் படம் இப்போது அவர் பிறந்த ஊரான பாசெலில் இருக்கிறது. அது பாதியில் இருந்தபோது மரீ பெர்னா என்ற பெண்மணி ஃப்ளாரன்ஸில் இருந்த அவருடைய பட்டறைக்கு வந்தார். கணவரைப் பல வருஷங்களுக்கு முன்பே தொண்டை அடைப்பான் நோயில் இழந்தவர். படத்தைப் பார்த்ததும், இதே மாதிரி சின்னதாக எனக்கொன்று வேண்டும், பார்த்துக்கொண்டே கனவில் ஆழ்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டார். படகில் சவப்பெட்டியும் வெள்ளை உருவமும் வந்தது அவருக்காகத்தான். அது நன்றாக அமைந்துவிட்டதால் பொக்லின் முதல் படத்திலும் அவற்றைச் சேர்த்துவிட்டார். பெர்னாவின் படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. 1883இல் வரைந்த மூன்றாவது பெர்லினில். 1884இல் வரைந்த நான்காவது இரண்டாம் உலகப் போரில் எரிந்துபோனது, கறுப்பு வெள்ளைப் புகைப்படம்தான் மிச்சம். ஐந்தாவது லைப்சிக் மியூசியத்தில்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தன் படத்தையே திரும்ப வரைகிறவர் ஒவ்வொரு தடவையும் வானத்தை மாற்றுகிறார், பாறையை மாற்றுகிறார், வெளிச்சத்தை மாற்றுகிறார். எதை மாற்றினாலும் படம் குலையாமல் நிற்கிறது. எதை மாற்றவில்லை என்று பாருங்கள்: நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கரும் பகுதி, இரண்டு பக்கமும் அதை அணைத்து நிற்கிற வெளிச்சப் பாறை, கீழே படுக்கை வசமாகத் தண்ணீர், அதன்மேல் ஒரு துளி வெள்ளை. ஐந்து படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

நீங்கள் பெர்லின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் வெளிச்சமும் நிழலும் அதில் தெளிவாகப் பிரிந்திருக்கும். பாசெல் படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அது அந்தி இருட்டு. அதை போன் திரையில் பார்த்து வரைந்தால் இருட்டுக்குள் இருக்கிற எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தூரிகை எப்படிப் போயிருக்கிறது என்று பார்க்க மட்டும் நியூயார்க் படத்துக்குப் போங்கள். அந்த மியூசியம் தன் இணையதளத்தில் பெரிய அளவில் இலவசமாகவே கொடுக்கிறது.

அளவு முக்கியம். பெர்லின் படம் 80 செ.மீ. உயரம், 150 செ.மீ. அகலம். 16க்கு 30 அங்குலம் என்றால் அதே விகிதம், இம்மி பிசகாது. ரெடிமேட் கான்வாஸில் 18க்கு 30 கிடைத்தால் மேலே ஓர் அங்குலம், கீழே ஓர் அங்குலம் டேப் ஒட்டிவிட்டு நடுவில் வரையுங்கள். இருக்கிற கான்வாஸுக்குத் தகுந்த மாதிரி படத்தை இழுத்தால் தீவு குந்திப் போய்விடும்.

சைப்ரஸ் மரங்களுக்குக் கறுப்பு அடித்தேன் மாஸ்டர். கான்வாஸில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது. பாறையும் சேறு மாதிரி ஆகிவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா?
— கல்லூரி மாணவர், மதுரை

தூக்கிப் போடாதே தம்பி, காயட்டும். அது மேலேயே திரும்ப வரையலாம்.

அந்த மரம் கறுப்பு இல்லை. பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பையும் அல்ட்ரா மரைன் நீலத்தையும் சம பாகமாகக் குழைத்துப் பார். டியூபில் வருகிற கறுப்பை விட ஆழமான ஒரு இருட்டு வரும். அதில் சாப் கிரீன் கொஞ்சம் சேர்த்தால் மரம், அம்பரைக் கூட்டினால் பாறைக் குகை, நீலத்தைக் கூட்டினால் தீவின் அடியில் இருக்கிற தண்ணீர். மூன்றும் இருட்டுதான், மூன்றும் வேற வேற இருட்டு. கறுப்பு டியூபை இந்தப் படம் முடிகிறவரை பெட்டிக்குள்ளேயே வைத்திரு.

ஆனால் உன் பிரச்சினை கலரில் இல்லை. டோனில் இருக்கிறது. எது எவ்வளவு வெளிச்சம், எது எவ்வளவு இருட்டு என்ற கணக்கு. கலர் தப்பினால் படம் வேறு மாதிரி இருக்கும், டோன் தப்பினால் படமே இருக்காது. இப்படிச் செய். படத்தைக் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடு. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து சாம்பல் பட்டைகளை அட்டையில் அடித்து அதன் பக்கத்தில் வை. கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் பார்: வானம் எந்தப் பட்டை? பாறையின் வெளிச்சப் பக்கம் எது? வானமும் தண்ணீரும் ஒன்றா, வேறயா? இதை எழுதி வைத்துக்கொண்டபிறகு பிரஷ்ஷைத் தொடு.

அப்புறம், கலருக்கு முன்னால் முழுப் படத்தையும் பழுப்பிலேயே ஒரு தடவை வரைந்துவிடு. பர்ன்ட் அம்பரில் டர்பன்டைன் விட்டுத் தண்ணியாக்கி, கான்வாஸ் முழுக்கத் தேய். ஈரமாக இருக்கும்போதே பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, வெளிச்சம் வரவேண்டிய இடத்தையெல்லாம் துடைத்து எடு. பாறையின் முகம் அப்படியே எழும்பி வரும். இருட்டு வேண்டிய இடத்தில் கெட்டியாக இன்னொரு கை அடி. அம்பர் சீக்கிரம் காய்கிற கலர், ரொம்பக் காத்திருக்க வேண்டாம். அதன்மேல் கலர் போடும்போது எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போ. கீழே எண்ணெய் அதிகம், மேலே குறைவு என்று ஆனால் நாளைக்கு வெடிப்பு விடும்.

இந்தப் படத்துக்குக் கலர் எவ்வளவு தூரம் தேவை என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாஃப் பாரிஸில் இதன் கறுப்பு வெள்ளை நகலைத்தான் முதலில் பார்த்தார். கண்ணை மூடிக் கேட்டால் துடுப்புச் சத்தம் வருகிற மாதிரி ஓர் இசைக்கோலத்தை அதை வைத்து 1909இல் முடித்தார். பின்னால் கலரில் அசலைப் பார்த்தபோது ஏமாற்றமாகிவிட்டது. இதை முதலில் பார்த்திருந்தால் எழுதியே இருக்க மாட்டேன், எனக்குக் கறுப்பு வெள்ளைதான் பிடிக்கிறது என்றார். ஜெர்மனியில் வீடு வீடாக இந்தப் படம் பரவியதற்கும் 1890இல் ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் கிளிங்கர் போட்ட செதுக்கு அச்சு ஒரு பெரிய காரணம். அதிலும் கலர் கிடையாது.

கட்டம் போட்டு வரைந்தேன். ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கிற என் மகள், "அம்மா, இது சீட்டிங்" என்கிறாள். உண்மையா?
— இல்லத்தரசி, காரைக்குடி

நான் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவன் அம்மா. உள்ளங்கை அளவு ஸ்டில்லை வைத்துக்கொண்டு, ஆள் உயரத்தைப் போல நாலு மடங்கு முகத்தை அதில் கட்டம் போட்டுத்தான் எடுப்போம். நூலில் கலர்ப்பொடி தடவி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் துணியில் கோடு விழும். அண்ணா சாலையில் நின்ற கட்-அவுட் எல்லாம் அப்படி வந்தவைதான். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை முடித்து வைத்தது வேறு கதை. மகளிடம் சொல்லுங்கள்: கட்டம் இடத்தைத்தான் சொல்லும், உருவத்தைச் சொல்லாது. ஏமாற்ற நினைத்தாலும் அதை வைத்து அவ்வளவு தூரம் ஏமாற்ற முடியாது.

ஒரே எச்சரிக்கை. கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே போகாதீர்கள். பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். ஒரு கட்டத்தில் கண் பிரமாதமாக இருக்கும், மறு கண் வேறு யாருடையதாகவோ இருக்கும். 16க்கு 30 கான்வாஸில் இரண்டு அங்குலக் கட்டம் போட்டால் மேலிருந்து கீழே 8, குறுக்கே 15. பிரின்ட்டிலும் அதே 8, 15. முதலில் நாலே இடத்தைக் குறியுங்கள்: கடல் மட்டக் கோடு, உயரமான மரத்தின் நுனி, தீவின் இடது ஓரம், வலது ஓரம். பிறகு படகு நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று. இவை சரியாக விழுந்தால் கட்டத்தை அழித்துவிட்டு மீதியைக் கண்ணால் வரையுங்கள். அழிக்க மனசு வராது. அழியுங்கள்.

பார்த்து வரைவதே திருட்டு என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பாரிஸ் லூவ்ர் மியூசியத்தில் இன்றைக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு அசல் படத்துக்கு முன்னால் ஸ்டாண்டு போட்டு நகல் எடுக்கலாம். அசலின் அளவிலேயே எடுக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. நாம் வீட்டில் செய்வதும் அதே வேலைதான், வாடையடிக்கிற டர்பன்டைனோடு.

இது குறியீட்டு ஓவியம் என்கிறார்கள். மரம் எதைக் குறிக்கிறது, படகு எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் வரைந்து என்ன பயன்?
— தமிழாசிரியை, திருச்சி

தெரியாமலே வரையலாம் டீச்சர். பொக்லினும் விளக்கவில்லை. இந்தப் பெயரைக்கூட அவர் வைக்கவில்லை, 1883இல் குர்லிட் என்ற படவியாபாரி வைத்தார். சைப்ரஸ் அங்கெல்லாம் இடுகாட்டு மரம், அது அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃப்ளாரன்ஸில் அவருடைய பட்டறைக்குப் பக்கத்தில் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் ஒன்று, அங்கே அவருடைய கைக்குழந்தை ஒன்று புதைக்கப்பட்டிருக்கிறது. பதினான்கு பிள்ளைகளில் எட்டுப் பேரைப் பறிகொடுத்த மனிதர். இவையெல்லாம் தெரிந்தால் படம் கனக்கிறது, உண்மைதான். ஆனால் 'மரம் என்றால் மரணம், படகு என்றால் ஆன்மா' என்று கோனார் உரை போடத் தொடங்கினால் கை நின்றுவிடும். குறியீட்டியக்காரர்கள் விரும்பியது பொருள் அகராதி இல்லை, ஒரு மனநிலை. பாறையைப் பாறையாகவும் மரத்தை மரமாகவும் கவனித்து வையுங்கள். மர்மத்தை வரைகிறேன் என்று புகை மூட்டம் போடுகிறவர்களுடைய படத்தில்தான் மர்மமே இருக்காது. பொக்லினுடைய படத்தில் மூட்டம் இல்லை, எல்லாம் தெளிவாக இருக்கிறது. பயம் அதனால்தான் வருகிறது.

படகில் நிற்கிற உருவத்தின் முகம் எப்படி இருக்கும்? எவ்வளவு ஜூம் செய்தும் தெரியவில்லை.
— செவிலியர், வேலூர்

தெரியாதும்மா. அது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தீவைப் பார்த்து நிற்கிறது.

இந்தச் சின்ன உருவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், படத்தைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் இதுதான். 16 அங்குலக் கான்வாஸில் இது உங்கள் சுண்டு விரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். எல்லாவற்றையும் முடித்து, காயவிட்டு, கடைசியில் வைக்க வேண்டும். முதலில் பின்னால் இருக்கிற தண்ணீர் இருட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டாக இல்லாவிட்டால் எவ்வளவு வெள்ளை அப்பினாலும் எடுபடாது. டியூப் வெள்ளையை அப்படியே வைக்காதீர்கள், சுண்ணாம்பு மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு வரும். டைட்டானியம் வெள்ளையில் குண்டூசி முனை அளவு மஞ்சள் ஓக்கர். நிழல் பக்கத்துக்கு அதே கலவையில் கொஞ்சம் நீலமும் அம்பரும். முதலில் நிழல் கலரிலேயே முழு உருவத்தையும் ஒரே இழுப்பில், மேலிருந்து கீழே: தலை குறுகல், தோள் லேசாக விரிவு, பிறகு நேராக. தோளுக்கும் தலைக்கும் நடுவில் கழுத்து வரையாதீர்கள், போர்த்திய துணியில் கழுத்து தெரியாது. அதன்மேல் வெளிச்சம் படுகிற பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கலவையில் ஒரு கோடு. சைஸ் 2 ரவுண்ட் பிரஷ் போதும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தடவை. பிடிக்கவில்லையென்றால் துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப வையுங்கள், அடியில் காய்ந்திருப்பதால் ஒன்றும் ஆகாது. அதை விட்டுவிட்டு நோண்டி நோண்டித் திருத்தினால் சாமியார் பொம்மை ஆகிவிடும்.

சவப்பெட்டி அதை விட ஒரு படி மங்கலாக. இரண்டும் ஒரே வெள்ளையாக இருந்தால் கண் எதைப் பார்ப்பது என்று தடுமாறும்.

என் தண்ணீர் தண்ணீராகவே இல்லை. சிமென்ட் தரை மாதிரி இருக்கிறது.
— ஆட்டோ ஓட்டுநர், கடலூர்

கடலூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது! உங்கள் ஊர்க் கடலை மறந்துவிடுங்கள், இதில் அலை கிடையாது. இரண்டே விஷயம். தீவில் இருக்கிற இருட்டு தண்ணீரில் விழும்போது கொஞ்சம் வெளுக்கும், வெளிச்சம் விழும்போது கொஞ்சம் மங்கும். நீங்கள் இரண்டையும் அதே அளவில் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டிருப்பீர்கள். அடுத்தது, பிரதிபலிப்பை மேலிருந்து கீழே இழுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் உலர்ந்த தட்டைப் பிரஷ்ஷால் குறுக்கே ஒரே ஒரு தடவை, பட்டும் படாமல் தடவுங்கள். தண்ணீர் படுத்துவிடும்.

ஆயில் வாசனை எனக்கு ஆகாது. அக்ரிலிக்கில் முடியுமா?
— பள்ளி மாணவி, திண்டுக்கல்

தாராளமாக. நம் ஊர் வெயிலில் தட்டிலேயே காய்ந்துவிடும், தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில் பக்கத்தில் வைத்துக்கொள். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி இருட்டாகும், அதனால் எல்லாவற்றையும் கொஞ்சம் வெளிச்சமாகவே கலந்துகொள். பாறை அக்ரிலிக்கில் நன்றாக வரும். வானத்தைக் குழைவாகக் கொண்டு வருவதுதான் பாடு, ரிட்டார்டர் என்று ஒரு திரவம் விற்கிறார்கள், இரண்டு சொட்டு விட்டால் காய்வது தாமதமாகும். பொக்லினே ஆயிலோடு நிற்காமல் டெம்பரா (எண்ணெய்க்குப் பதில் முட்டைக்கரு மாதிரியானவற்றில் குழைக்கிற கலர்) முதலானவற்றில் சோதனை செய்துகொண்டே இருந்தவர்தான்.

படம் முடிந்துவிட்டது மாஸ்டர். ஹாலில் மாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார். பெயரைக் கேட்டதிலிருந்து அந்தப் பக்கமே வருவதில்லை.
— வாசகி, சேலம்

ஒருகாலத்தில் ஜெர்மனியில் நடுத்தர வர்க்க வீட்டு ஹாலில் எல்லாம் தொங்கிய படம் இது, யாருக்கும் எதுவும் ஆனதாகத் தெரியவில்லை. (மூன்றாவது படத்தை 1936இல் ஹிட்லர் வாங்கினான் என்பதை மாமியாரிடம் சொல்ல வேண்டாம்.) நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெயரைச் சொல்லாமல் 'வெளிநாட்டுத் தீவு' என்று மாட்டியிருப்பேன். இப்போது தாமதமாகிவிட்டது. பொக்லின் 1888இல் 'வாழ்வின் தீவு' என்றும் ஒன்று வரைந்தார், அன்னப்பறவை, மரம், மட்டை என்று கலகலப்பாக இருக்கும். என்னைக் கேட்டால் முதல் தீவின் கால் தூசு பெறாது. ஆனால் மாமியாருக்குப் பிடிக்கும். அதை வரைந்து ஹாலில் மாட்டுங்கள், இதை நீங்கள் வரைகிற அறையில் வையுங்கள்.

பெர்லின் படத்தில் ஒரு கல்லறை வாசலுக்கு மேலே ஏ.பி. என்று எழுத்து பொறித்திருக்கிறதே, அதையும் வரைய வேண்டுமா? நண்பர் ஒருவர் படத்தை விலைக்குக் கேட்கிறார், விற்கலாமா?
— மின்வாரிய ஊழியர், தென்காசி

இதைக் கவனித்த உங்கள் கண்ணுக்கு ஒரு சபாஷ். அது பொக்லினுடைய பெயர் எழுத்துகள், பாறையிலேயே கையெழுத்தைச் செதுக்கிவிட்டார் மனுஷன். பழகுவதற்கு என்றால் வரையுங்கள், எழுத்துப் பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், மேலே மிதக்கக் கூடாது, அதுவே ஒரு பயிற்சி. விற்பதாக இருந்தால் வேண்டாம்.

விற்பதற்குச் சட்டத் தடை இல்லை. அவர் 1901இலேயே காலமாகிவிட்டார், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் கான்வாஸின் பின்பக்கம் 'ஆர்னால்ட் பொக்லினின் படத்தைப் பார்த்து வரைந்தது' என்று எழுதி, உங்கள் பெயர், வருஷம், அளவு எல்லாம் போட்டுவிடுங்கள். பென்சிலில் வேண்டாம், அழியும். பிரஷ்ஷிலேயே எழுதுங்கள். நண்பர் என்பதற்காக விலையைக் குறைக்காதீர்கள், கான்வாஸ், கலர், ஃப்ரேம் மூன்றின் ரசீதையும் காட்டிவிட்டுக் கூலியைத் தனியாகச் சொல்லுங்கள். ஆயில் என்றால் வார்னிஷ் இப்போதே அடித்துக் கொடுக்காதீர்கள், கெட்டியாகப் போட்ட இடம் உள்ளே காய ஆறு மாதமாவது ஆகும். அதற்குப் பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் அடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். டீ கொடுப்பார்.